முழுக் கிண்ணம்

குழந்தைகள் மருத்துவமனையில் காது சோதிக்கும் அறைக்கு வெளியே போட்டிருந்த நீள பெஞ்சில் உட்கார்ந்து தமாரா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரட்டைப் பெண்களில் ஒருத்திக்கு மாதம் தவறாமல் காது வலி வரும். அதனால் அந்த பெஞ்சில் அவளுக்கென்று ஓர் இடமே உண்டு. அடுத்த பெயரைக் கூப்பிடக் கதவைத் திறந்த சாய்கல், என்ன விஷயம் என்று புருவத்தைத் தூக்கினாள். தமாராவால் பேச முடியவில்லை. போனை மட்டும் நீட்டினாள்.

போனில் பிள்ளைகள் விளையாட்டு ஒன்றின் விளம்பரம் ஓடியது. புல்வெளியில் ஒரு கறுப்புக் குதிரைக்குட்டி காதை ஆட்டியபடி நின்றது. அதன் மேலே ஒரு நீலக் கிண்ணம் வந்து உட்கார்ந்தது, விளிம்பு வரை தேநீரோடு. 'முழுக் கிண்ணம்! பிஷ்கேக் தாய்மார்கள் தந்த முழு மதிப்பு!' என்று கீழே எழுத்து மின்னியது. அந்தக் கிண்ணம் சாய்கலுடையது. அவள் மகள் பெர்மெத் நாலு வயதில் மெழுகுக் கலரால் வரைந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புகூட அப்படியே இருந்தது.

"'குடிச்சிட்டுக் கிளம்பு'ன்னு நீ சொன்னதை 'வாங்க வாங்க'ன்னு வாசல்ல மாட்டி வச்சிருக்கான்டி!" என்றாள் தமாரா, ஒருவழியாக மூச்சு வாங்கி. "எந்த ஊர்க்காரன் இவன்? இவனுக்குப் பொறந்ததுலேர்ந்து யாரும் டீயே ஊத்தினதில்லையா?"

பெஞ்சில் இருந்த மற்ற அம்மாக்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சாய்கலும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது. பிறகு அடுத்த பிள்ளையை உள்ளே அழைத்துப் போய், காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பிள்ளை நாலு முறை கையைத் தூக்கிய பிறகுதான், தான் அட்டையில் ஒன்றையுமே குறிக்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பிஷ்கேக்கில் விருந்தாளிக்குக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். இரண்டு வாய் குடித்ததும் கிண்ணம் திரும்பி வரும். மறுபடி கொஞ்சம், மறுபடி கொஞ்சம். ஊற்றுகிறவளுக்குக் கை ஓயக் கூடாது. நீ இரு, பேசு, உன்னை அனுப்ப எங்களுக்கு மனசில்லை என்று அதற்குப் பொருள். தளும்பத் தளும்ப ஊற்றி முன்னால் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது; மானமுள்ளவன் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால், ஏழு வருடங்களுக்கு முன் சாய்கல் போன் விளையாட்டுகளை எடைபோடும் தன் இணையதளத்தில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் கிண்ணத்தை வைத்தபோது, அதற்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தளம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இதே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்கள் பிள்ளைகளின் வாயை அடைக்க ஒரு போனைத் திணித்துவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல், "இந்த விளையாட்டு நல்லதா கெட்டதா அக்கா?" என்று கேட்பார்கள். சாய்கலுக்கு அப்போது விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. காது மட்டும்தான் தெரியும். ஆனால் தெரியாது என்று சொல்லி ஆளை அனுப்புகிற பிறவியல்ல அவள். வீட்டில் விளையாடிப் பார்த்துவிட்டு வந்து ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள். ஒரு தாள் பத்தானது, பத்து நாற்பதானது. கதவில் 'காது பரிசோதனை' என்ற எழுத்தே மறைந்துபோய், பல் வலிக்காரர்கள் உள்ளே வர ஆரம்பித்ததும் தலைமை டாக்டர் எல்லாவற்றையும் கிழிக்கச் சொன்னார். "இணையத்துல ஒட்டு. அங்க கிழிக்க ஆளில்ல" என்றான் அவள் கணவன் ஜெனிஷ். அவன் நகரத்து வெந்நீர்க் குழாய்களைப் பழுதுபார்க்கிறவன். எந்த விஷயத்தையும் வேறு குழாயில் திருப்பிவிட முடியும் என்று நம்புகிறவன்.

ஏழு வருடத்தில் நூறுக்கு மேல் எழுதிவிட்டாள். விளம்பரம் வாங்குவதில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் இலவசமாக அனுப்பினால் தொடுவதில்லை. கடைசிவரை விளையாடாமல் ஒரு வரி எழுதுவதில்லை. மற்ற தளங்கள் ரத்தம் எத்தனை இடத்தில் வருகிறது, கெட்ட வார்த்தை எத்தனை என்று எண்ணிப் போடும். சாய்கல் அதையும் பார்ப்பாள்தான். ஆனால் அவளுடைய சோதனை வேறு. பெர்மெத் மூன்று வாரம் விளையாடுவாள். மூன்றாவது ஞாயிறு வீட்டுக்கு விருந்தாளி வர வேண்டும். யாரும் வராவிட்டால் மேல்மாடிக்காரர்களையாவது இழுத்து வர வேண்டும். விளையாட்டின் நட்டநடுவில் மகளைத் தேநீர் ஊற்றக் கூப்பிடுவாள். எத்தனை முறை 'ஒரு நிமிஷம்மா' வருகிறது, வந்து உட்கார்ந்த பிறகு கண் கிண்ணத்தில் இருக்கிறதா, ஜன்னலோரம் வைத்த போனில் இருக்கிறதா, விருந்தாளியின் காலிக் கிண்ணம் எத்தனை நேரம் காத்துக் கிடக்கிறது. அவ்வளவுதான் சோதனை. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த விளையாட்டுக்குக் கால் கிண்ணம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதற்கு அரைக் கிண்ணம். பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்கிற விளையாட்டுக்கு முழுக் கிண்ணம்; குடித்துவிட்டு அது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகட்டும்.

அந்தக் குதிரைக்குட்டி விளையாட்டைச் செய்தவன் அவளுடைய கொழுந்தன். பெயர் எல்தியார். இந்தப் பெயரை சாய்கல் வாயால் சொன்னதே கிடையாது. புகுந்த வீட்டு ஆண்களை மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தானாக ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் கல்யாணமாகி வந்த அன்று பதினோரு வயதுப் பொடியன் அண்ணனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, விரல் நுனிகூட வெளியே தெரியாமல், வாசலில் விறைப்பாக நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். 'சின்னதுரை' என்று வைத்தாள். பதினாறு வருடமாக அதுதான். இப்போதெல்லாம் பட்டணத்தில் யாரும் இந்த வழக்கத்தைப் பார்ப்பதில்லை. தமாரா தன் கொழுந்தனைப் பெயரோடு நாலு வசவும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறாள். சாய்கலுக்கு மட்டும் நாக்கு எழவில்லை. விமர்சனத்தில் செய்தவர் பெயர் போட வேண்டிய இடத்தில்தான் முதன்முதலாக அந்த எழுத்துகளைத் தட்டினாள். தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

விளையாட்டின் பெயர் 'குட்டி'. அவன் மூன்று வருடம் ஒரே அறையில் அடைந்து கிடந்து செய்தது. கூட இருந்த நண்பர்கள் இரண்டு பேரும் நல்ல வேலை கிடைத்ததும் போய்விட்டார்கள்; இவன் போகவில்லை. பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே பேசுகிற விளையாட்டு என்று ஊரில் எல்லோருக்கும் பெருமை. பிறந்து இரண்டு நாளான குதிரைக்குட்டி ஒன்று உன்னிடம் வரும். அதன் நெற்றியைத் தடவினால் கண்ணை மூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும், பசித்தால் கனைக்கும். நீ வந்து தாயிடம் கூட்டிப் போக வேண்டும். வராவிட்டால் அதன் காது தொங்கிப்போகும். மூன்று நாள் வராவிட்டால் குட்டி இருக்காது, கட்டியிருந்த கயிறு மட்டும் புல்லில் கிடக்கும். குட்டியைக் காப்பாற்ற வேறு ஒரே வழி, இன்னொரு பிள்ளையிடம் கொடுத்துவிடுவதுதான்.

பெர்மெத்துக்குப் பதினோரு வயது. தன் குட்டிக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தாள். இரண்டாவது வாரமே விடியற்காலை நாலு மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து பேச்சு கேட்டது. மூன்றாவது ஞாயிறு மேல்மாடிப் பெரியவர் காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, கடைசியில் தானே எழுந்து ஊற்றிக்கொண்டார். ஊற்ற வேண்டியவள் நடைவழியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "இதோ வந்துட்டேன்டா, இதோ வந்துட்டேன்" என்று போனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். யோசிக்க ஒன்றுமில்லை. முழுக் கிண்ணம்.

யோசித்தது அதற்கப்புறம்தான். வழக்கமாகக் கிண்ணத்துக்குக் கீழே காரணத்தை உடைத்து எழுதுவாள். பெரிய பெரிய நிறுவனங்களைக்கூட விட்டதில்லை. இந்தமுறை மூன்று பத்தி புகழ்ந்தாள். எல்லாம் உண்மைதான். குட்டியின் காது, பனியில் குளம்பு பதியும் சத்தம், மழைக்கு முன்னால் புல் படுக்கும் விதம், ஒவ்வொன்றையும் ரசித்துத்தான் எழுதினாள். குறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் படத்தை மட்டும் வைத்தாள். நம்ம ஊர் அம்மாக்களுக்குப் படமே போதும், அவன் மனசும் நோகாது என்று கணக்குப் போட்டாள். பூசி மெழுகினாள் என்பதுதான் நேரான பேச்சு. அன்று மாலையே பெர்மெத்திடம் குட்டியைக் கொடுத்துவிடச் சொன்னாள். பெண் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் வந்து, "கூடப் படிக்கிற ஜைனாகிட்ட கொடுத்துட்டேம்மா" என்றாள். சாய்கல் அவளைக் கட்டிக்கொண்டாள். மருத்துவமனை பெஞ்சில் இதை ஏழெட்டுப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். "என் பொண்ணே கொடுத்துட்டா. பிள்ளைங்க நாம நினைக்கிறதைவிடப் புத்திசாலிங்க. எடுத்துச் சொன்னா கேக்குறாங்க."

விளம்பரம் வந்து அடுத்த வாரம் புதன்கிழமை அந்தக் கடிதம் வந்தது. கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தாள். இயந்திரம் மொழிபெயர்த்தது, வாக்கியங்கள் கையும் காலும் இடம் மாறிக் கிடந்தன. மருத்துவமனைச் சமையலறையில் தட்டை வைத்துக்கொண்டே சாய்கல் படித்தாள். 'மதிப்பிற்குரிய கிண்ணப் பெண்மணியே. என் மகள் எட்டு வருடம் உடையவள். அவள் காலை நான்கு மணிக்குத் தனக்குத்தானே மணி அடித்துக்கொள்கிறாள். நான் போனை மறைத்தேன், கயிறு வந்தது, அவள் இரண்டு நாள் பேசவில்லை. உங்கள் கிண்ணம் முழுமையாக இருந்தது, ஆகையால் நான் நம்பினேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது நேர்வதில்லையா? நாங்கள் எங்கே தவறு செய்தோம் என்று கற்பிக்கவும்.'

நம்பினேன் என்ற அந்த ஒரு சொல் மட்டும் இயந்திரத்தின் கையில் சிதையாமல் வந்திருந்தது. சாய்கல் தட்டைத் தள்ளி வைத்தாள். ஏழு வருடமாக யாரும் அவளைக் குறை சொன்னதில்லை என்றில்லை. விளையாட்டுக்காரப் பொடியன்கள் எழுதாத வசவா. ஆனால் நம்பினேன் என்று சொல்லித் திட்டியவர்கள் யாரும் இல்லை. அதிலும் இவள் திட்டக்கூட இல்லை, பாடம் கேட்கிறாள்.

அன்றைக்கே ஒரு வரி எழுதினாள். 'எங்கள் ஊரில் முழுக் கிண்ணம் என்றால், குடித்துவிட்டுப் போய் வா என்று பொருள். இந்த விளையாட்டுக்கு நான் சொன்னதும் அதுதான்.' எழுதியதை வெளியிடாமல் வைத்துவிட்டாள். குடும்ப விஷயமாயிற்றே, முதலில் அவனிடம் நேரில் சொல்லிவிடுவதுதான் முறை என்று தோன்றியது. தள்ளிப்போட இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்தியார் வந்தான். வெளியே பனி பாதி உருகிச் சேறாகக் கிடந்தது. காலணியை வாசலிலேயே கழற்றி, ஈரமான காலுறையோடு தயங்கி நின்றான். இருபத்தேழு வயதாகிறது, இன்னும் அண்ணி வீட்டு வாசலில் அப்படித்தான் நிற்கிறான். ஜெனிஷ் அவனைத் தோளில் தட்டி உள்ளே தள்ளி, கதவுக்கு எதிரே, விருந்தாளி உட்காரும் மேலிடத்தில் உட்கார வைத்தான். பொரித்த மாவுத் துண்டுகள் துணிவிரிப்பு முழுக்கக் கொட்டிக் கிடந்தன. வெண்ணெய், செர்ரி ஜாம், அவன் கொண்டுவந்த ஆப்பிள். பெர்மெத் வழக்கம்போல் கதவோரம் கெட்டிலோடு உட்கார்ந்து, சித்தப்பாவுக்குப் பால் விட்டு அடியில் கொஞ்சம் தேநீர் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"விளம்பரத்தைப் பார்த்தீங்களா அண்ணி?"

"பார்த்தேன். ஊரே பார்த்துச்சு."

"எங்க வெந்நீர் நிலையத்துல ஒருத்தன்," என்றான் ஜெனிஷ், "தினம் காலையில எனக்கு டம்ளர் தளும்ப டீ ஊத்தி வச்சிட்டு சல்யூட் அடிக்கிறான். நீ என்னடா பண்ணி வச்சிருக்க?"

எல்தியார் சிரிக்கவில்லை. கிண்ணத்தின் அடியில் இருந்ததைக் குடித்துவிட்டு நீட்டினான். பெர்மெத் மறுபடி கொஞ்சம் ஊற்றினாள்.

"விளையாட்டை வாங்கப்போற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க, படத்தைப் போட்டுக்கலாமான்னு என்கிட்டதான் கேட்டாங்க. நான்தான் சரின்னேன்."

"உனக்கு என் கிண்ணம் புரியலையா?"

"புரியாம என்ன அண்ணி. நானும் இந்த ஊர்ல டீ குடிச்சு வளர்ந்தவன்தானே. அதைப் பார்த்த அன்னைக்கு அறையை விட்டு வெளிய வரல." மாவுத் துண்டு ஒன்றை எடுத்து, தின்னாமல் பிய்த்துக்கொண்டே இருந்தான். "அப்புறம் அவங்க கடிதம் வந்துச்சு. 'முழுக் கிண்ணமா! வாழ்த்துகள்!'னு. என்ன சொல்றதுன்னு தெரியல. 'நன்றி'ன்னு போட்டுட்டேன்."

சாய்கல் ஜன்னலோரம் இருந்த மடிக்கணினியை எடுத்துத் திறந்து, அந்த வரியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் படித்தான். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"பன்னெண்டு மொழியில வெளியிடறோம்னு சொல்றாங்க அண்ணி. வர்ற வெள்ளிக்கிழமை கையெழுத்து. இது வெளிய வந்தா அவங்களுக்குத்தான் முதல் அவமானம். அப்புறம் என்னை எதுக்கு வச்சுப்பாங்க."

"எனக்குத் தெரியுது."

"நீங்க பொய் சொல்லலையே. சரியாத்தான் சொன்னீங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியல, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மத்த விளையாட்டுக்கெல்லாம் கீழ காரணம் எழுதுவேன். உன்னோடதுக்கு மட்டும் எழுதல."

"ஏன் எழுதல?"

சாய்கல் ஜாமை அவன் பக்கம் நகர்த்தினாள். "நீ சின்னதுரை. அதான்."

"அப்ப இதையும் சின்னதுரைக்காக விட்டுடுங்க" என்றான் அவன்.

நன்றாகத்தான் பிடித்தான். ஜெனிஷ் தம்பியையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. கத்தியால் வெண்ணெயைச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். சாய்கல் கடலோரத் தாயின் கடிதத்தைச் சொன்னாள். எட்டு வயதுப் பெண், நாலு மணி, கயிறு.

"அந்த மணிக்கணக்கை எடுத்துடேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம்ங்கிறதை ஒரு நாளைக்கு ஒருதரம்னு வை. அது கனைக்காட்டித்தான் என்ன?"

"அதுக்குத்தான் அவங்க விலையே கொடுக்கிறாங்க. பிள்ளைங்க திரும்பத் திரும்ப வர்றதுதான் இதோட உயிர்ங்கிறாங்க." எல்தியார் தலையைக் குனிந்துகொண்டான். "அவங்களை விடுங்க. எனக்கே முடியாது. அது யாரோட குரல்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க கல்யாணமாகி வந்த வருஷம், மலைமேல எங்க மாமா என்கிட்ட ஒரு குட்டியை விட்டாரு. கோடை முழுக்க நான்தான் பார்த்துக்கிட்டேன். அண்ணனோட பழைய போன்ல அது கனைக்கிறதைப் பதிஞ்சு வச்சேன். செப்டம்பர்ல ஸ்கூலுக்குன்னு லாரியில ஏத்திட்டாங்க. அது பின்னாடியே ஓடி வந்துச்சு. வளைவு வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பியே பார்க்கல அண்ணி. பார்த்தா அழுதிடுவேன்னு பார்க்கல. அந்தச் சத்தத்தைக் குறைன்னா நான் எதைக் குறைக்கிறது?"

பெர்மெத் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்குள் கை மறைந்துபோன அந்தப் பொடியன் சாய்கலின் கண் முன்னால் வந்து நின்றான். லாரியில் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்றுகூடத் தெரிந்தது. அவளுக்கு அவன்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது, அதைவிட அதிகமாக அலுப்பு வந்தது. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காக வீட்டுப் பிள்ளையின் வயிற்றில் அடிக்க வேண்டுமா? அந்தப் பெண்ணுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டால் போகிறது. இவன் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் எப்போதாவது, எல்லாக் கிண்ணத்துக்கும் பொதுவாக, ஒரு விளக்கம் போட்டுக்கொள்ளலாம். இங்கே என் பெண்ணே எடுத்துச் சொன்னதும் விட்டுவிடவில்லையா? சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தானே. அவரவர் அம்மா சொல்லிக்கொள்ளட்டும்.

"சரி," என்றாள். மடிக்கணினியை மூடினாள். "வெள்ளிக்கிழமை போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

ஜெனிஷ் கத்தியைக் கீழே வைத்தான். எல்தியாரின் தோள் இரண்டும் இறங்கின. பிய்த்துப் பிய்த்து வைத்திருந்த மாவுத் துண்டுகளை ஒன்றாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத் தேநீரைக் குடித்து, கிண்ணத்தைப் பெர்மெத்திடம் நீட்டினான். வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தான். "ஊத்துடி செல்லம். நாக்கு வறண்டு போச்சு."

பெர்மெத் கிண்ணத்தை வாங்கிப் பால் விட்டாள். கெட்டிலைச் சாய்த்தாள். அப்போது குட்டி கனைத்தது.

மெல்லிய, நீளமான கனைப்பு. நாலாவது மாடியில் குதிரையா என்று ஜெனிஷ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். அது ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. பெர்மெத்தின் கம்பளிச் சட்டைக்கு உள்ளே, வயிற்றுப் பக்கத்திலிருந்து வந்தது.

சாய்கல் மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். ஜைனாவிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்ன அதே முகம்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பரீட்சைப் படிப்பு என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். பெஞ்சில் ஏழெட்டுப் பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டதை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. குட்டி மறுபடி கனைத்தது. பெர்மெத்தின் கண் அம்மாவை விட்டு நகரவில்லை, கை மட்டும் சாய்ந்தது சாய்ந்தபடி இருந்தது. கிண்ணத்தில் தேநீர் ஏறியது. கால், அரை, முக்கால். யாரோ ஒருவர் போதும் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. விளிம்பைத் தொட்டு, அதற்கும் மேலே ஒரு நூல் எழும்பி நின்றபோதுதான் அவள் கெட்டிலை நிமிர்த்தினாள். பிறகு, பழக்கம் விடாதல்லவா, இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், சித்தப்பாவின் முன்னால் வைத்தாள்.

வைத்த பிறகுதான் என்ன வைத்தோம் என்று பார்த்தாள். "ஐயோ சித்தப்பா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தாள். மூன்றாவது முறை கனைப்பு கேட்டதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு எழுந்து உள்ளறைக்கு ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டாள். "வந்துட்டேன், வந்துட்டேன்டா, அழாதே" என்று அவள் குரல் தணிந்து கேட்டது.

துணிவிரிப்பின் மேல் கிண்ணம் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. வேறு வீடாக இருந்தால், வேறு நாளாக இருந்தால், ஜெனிஷ் இதற்குள் நாலு கேலி பண்ணியிருப்பான். எல்தியார் கிண்ணத்தையே பார்த்தான். சாத்திய கதவைப் பார்த்தான். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தான். நீட்டிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. தூக்கலாம் என்றால் பிடியில்லாத கிண்ணம், விரல் வைக்க இடமில்லாமல் நிறைந்திருக்கிறது, அசைத்தால் சிந்தும். அவன் இரண்டு கையையும் கிண்ணத்துக்கு இரு பக்கமும் துணியில் ஊன்றிக்கொண்டான். தூக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகள் குடிப்பார்களே, அப்படி மெல்ல முகத்தைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனான்.

"எல்தியார்," என்றாள் சாய்கல். "சுடும்."

ஜெனிஷ் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவன் தம்பி நிமிரவில்லை. உதட்டை விளிம்பில் வைத்து ஒரு வாய் உறிஞ்சினான், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். உள்ளறையில் குட்டி பால் குடிக்கும் சத்தம் கேட்டது. கிண்ணத்தில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.